தொராசிக் பன்னிரண்டு

என் மகள் நர்சிங் படிக்கச் சேர்ந்த வருஷம்தான் எங்கள் வீட்டுக்குள் எலும்புகளின் பெயர்கள் வந்தன. அதுவரை இடுப்பு, முதுகு, முட்டி, கெண்டைக்கால் என்று ஏழெட்டுப் பெயர்களே எங்களுக்குப் போதுமாயிருந்தன. வலித்தால் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டுவோம், அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம். மட்டாஞ்சேரியில் அரிசிக் கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் இரண்டு அறை வீட்டில் இருந்தோம். என் வீட்டுக்காரர் அந்தக் கிடங்குகளில் சுமடு எடுக்கிறவர். லாரியிலிருந்து அரிசிச் சாக்கைப் பிடரியிலும் முதுகிலுமாக வாங்கி, உள்ளே கொண்டுபோய் அட்டி போடுகிற வேலை. அவருடைய அப்பாவும் அதே வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்தான். நான் கல்யாணமாகி வந்தவள். ஐந்தாம் வகுப்புவரை தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தேன். அதற்குமேல் அனுப்பவில்லை.

எங்களுக்கு ஒரே மகள். அவள் தினமும் காலையில் படகுத்துறையில் போட்டு ஏறி எறணாகுளம் போய்ப் படித்து வந்தாள். அங்கே நாற்பது பெண்களுக்கு ஒரே ஒரு எலும்புக்கூடுதான். அதையும் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்களாம். வீட்டில் தொட்டுப் பார்த்துப் படிக்க ஒரு உடம்பு வேண்டும். என்னைக் கேட்டாள். ரவிக்கை போட்டிருந்தாலும்கூட என் முதுகைக் காட்ட எனக்குக் கூச்சம். மகள்தானே என்றாலும் எனக்கு அப்படித்தான். அதனால் அவள் அப்பாவைப் பிடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்தவுடன் பாயை விரிப்பாள்.

"அப்பா, சட்டையக் கழட்டிட்டுக் கமுந்து படுங்க."

"தின்ன சோறு செமிக்கட்டும் மோளே."

"செமிக்கிறதெல்லாம் அடுத்த மாசப் பாடம். இப்ப எலும்பு."

"நல்லா எண்ணிப் பாரு. ஒண்ணு குறைஞ்சாலும் சொல்லிரு. கிடங்குலதான் விழுந்து கிடக்கும், போய் எடுத்துட்டு வந்துரலாம்."

அவர் அப்படித்தான், எதற்கும் ஒரு பேச்சு வைத்திருப்பார். அவள் பென்சிலின் மொட்டை முனையை அவர் தோளில் வைத்துச் சொல்ல ஆரம்பிப்பாள். கிளாவிக்கிள். ஸ்காப்புலா. பிடரியிலிருந்து தோள்வரை விரிகிற சதை ட்ரப்பீசியஸ். அக்குளுக்குக் கீழே முதுகை அணைத்துக்கொண்டு இறங்குகிற அகலமான சதை லாட்டிஸிமஸ் டார்ஸி. சாக்குத் தூக்கித் தூக்கி அவர் உடம்பில் ஒவ்வொரு சதையும் தனித்தனியாகத் தெரியும். "எங்க கிளாஸ்ல யாருக்கும் இப்படி ஒரு புக்கு இல்லம்மா" என்பாள்.

அவள் மலையாளம் மீடியம். இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்து மலையாள எழுத்தில் எழுதி வைத்து மனப்பாடம் செய்வாள். எனக்கு மலையாளம் பேச வரும், வாசிக்கத் தடுமாறும். அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஒப்பிக்கும்போது சரிபார்க்க ஆள் வேண்டுமே. அதனால் அவள் ஒவ்வொரு பேராகச் சொல்ல, நான் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் தமிழில் எழுதிக்கொள்வேன். மீன் வெட்டிக்கொண்டே "ஃபீமர் முடிஞ்சா என்ன?" என்று கேட்பேன். "பட்டெல்லா" என்பாள். "அப்புறம்?" "டிபியா, ஃபிபுலா." அப்படிக் கேட்டுக் கேட்டு, அர்த்தம் முழுக்கப் புரியாவிட்டாலும் பெயர்களெல்லாம் எனக்கும் பாடமாகிவிட்டன.

முதுகெலும்பை எண்ணுவதற்கு ஒரு வழி உண்டு. குனிந்தால் பிடரிக்குக் கீழே ஒரு எலும்பு முட்டிக்கொண்டு நிற்கும். அது கழுத்தில் ஏழாவது. அதற்குக் கீழே நெஞ்சுப் பக்கத்தில் தொராசிக் பன்னிரண்டு, அதற்குக் கீழே இடுப்பில் லம்பார் ஐந்து. மேலே தொடங்கி விரலால் தடவித் தடவி இறங்க வேண்டும். நடுவில் கணக்குத் தப்பினால் மறுபடி மேலேயிருந்து எண்ண வேண்டும். ஆனால் அவர் முதுகில் அந்தக் கஷ்டம் இல்லை. கீழே பன்னிரண்டு வருகிற இடத்தில் கொட்டைப்பாக்கு அளவுக்கு இன்னொரு மேடு இருந்தது.

"இது என்னப்பா?" என்று முதல் தடவை கேட்டாள்.

"சாக்கு உக்காந்த இடம். எங்க ஆளுங்க எல்லார் முதுகுலயும் ஏதாவது ஒண்ணு முழிச்சுக்கிட்டுதான் இருக்கும்."

நானும் ஆமாம் என்றேன். தைலம் தேய்க்கும்போது என் கைக்கும் அது தட்டுப்பட்டிருந்தது. சுமடு எடுக்கிறவர்களுக்குத் தலை வழுக்கை விழும், பிடரி தடிக்கும். இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன். அவள் அதையே அடையாளமாக வைத்துக்கொண்டாள். அந்த மேடு வந்தால் பன்னிரண்டு. அங்கிருந்து மேலே எண்ணினாலும் சரியாக வரும், கீழே எண்ணினாலும் சரியாக வரும். அவளுக்கு மனித முதுகு என்றால் அவள் அப்பா முதுகுதான். நாளாக ஆக, சாக்கு உட்கார்ந்த இடம் என்று அவர் சொன்னதை மறந்து, எல்லார் முதுகிலும் அந்த இடத்தில் ஒரு மேடு இருக்கும் என்றே படித்துக்கொண்டாள்.

இப்போது என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் தலைக்குப் பதிலாகக் கால் முன்னே வந்து பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் முதுகுப் பிடிப்பு விட்டுவிடும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. சின்ன வயதிலேயே என்னை அழைத்துப்போவார்கள். ஆண்பிள்ளைகள் முதுகைக் காட்டிப் படுத்திருப்பார்கள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு மிதித்துவிட்டு ஓடி வந்துவிடுவேன்.

கல்யாணமாகி வந்த புதிதில் அவர் கூட்டாளி ஒருவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. என் வீட்டுக்காரர் வாய் சும்மா இருக்காமல் என் விஷயத்தைச் சொல்லிவிட்டார். நாலைந்து பேராக வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்கள். சந்து முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க நான் அந்த மனிதர் முதுகில் காலை வைத்தேன். "புதுப்பெண்ணு ஆளை மிதிச்சே வசக்கிருவா போல" என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு மூன்று நாள் நான் தண்ணீர் பிடிக்கக்கூட வெளியே வரவில்லை. அவர்தான் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார். "இனிமே உன்னைப் பத்தி ஒரு வார்த்தை என் வாயிலேருந்து வராது" என்றார். அந்தச் சொல்லைக் காப்பாற்றினார். நான் மிதித்தது அவரை மட்டும்தான், அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு. மகளுக்குக்கூடத் தெரியாது.

அந்த வருஷம் மழை தொடங்கியபோது அவர் மெலிந்து வந்தார். சாயங்காலமானால் உடம்பு லேசாகச் சுடும், காலையில் சரியாகிவிடும். கீழே கிடக்கிற பீடிக்கட்டை எடுக்கக் குனிய மாட்டார். முதுகை விறைப்பாக வைத்துக்கொண்டு குந்தி உட்கார்ந்து எடுப்பார். வேலை ஜாஸ்தி, மழை ஈரம் என்று நாங்களே காரணம் சொல்லிக்கொண்டோம். சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, மகள் இன்னும் வந்திருக்கவில்லை. வேலை முடிந்து வந்தவர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தரையில் கவிழ்ந்து படுத்தார்.

"பிடிச்சிருச்சு. கதவைச் சாத்திட்டு வா."

"மக வந்துரப் போறா."

"அவ போட்டு வர இன்னும் அரை மணி நேரம் கிடக்கு. வா."

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன்.

"இது என்ன, எறும்பு ஊருதா? குதிகாலை வச்சு நல்லா மிதி. அந்த மேட்டு மேலேயே."

மூன்று தடவை மிதித்தேன். மூன்றாவது தடவை என் குதிகாலுக்கு அடியில் என்னவோ அமுங்கிக் கொடுத்தது. ஈர மண்ணில் காலை வைத்த மாதிரி இருந்தது. அவர் கத்தவில்லை. மூச்சை மட்டும் ஒரு தடவை உள்ளே இழுத்தார். நான் இறங்கிவிட்டேன்.

"வலிச்சிருச்சா?"

கன்னத்தைத் தரையில் வைத்துக்கொண்டார். பிறகு, "நீ மத்தியானம் ரெண்டு ஆள் சோறு தின்னுட்டே" என்றார். நான் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போதும் என் மேல் எனக்கு வெறுப்பு வருகிறது.

மறுநாள் காலையில் சாயாக்கடைக்குப் போனவர் ஒரு காலில் மட்டும் செருப்போடு திரும்பி வந்தார். மற்றதைப் பக்கத்து வீட்டுக்காரர் பின்னாலேயே கொண்டுவந்து கொடுத்தார். "சேட்டா, செருப்பு கழண்டதுகூடத் தெரியாம எந்த ராஜாங்கத்தை யோசிச்சுக்கிட்டுப் போறீங்க?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் சிரித்தார். ஆனால் உள்ளே வந்து உட்கார்ந்து, தன் பாதத்தைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மகள் பாயை விரித்தபோது, தூக்கம் வருகிறது என்று சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை நர்சிங் பள்ளியில் பெண்கள் ஒருவர் முதுகை ஒருவர் தொட்டு எண்ணிப் பழகியிருக்கிறார்கள். என் மகள் தன் கூட்டுக்காரியின் முதுகில் கீழேவரை தடவிவிட்டு, "உனக்கு மேடு எங்கே, காணோமே?" என்று கேட்டிருக்கிறாள். பாடம் எடுக்கிற டீச்சர் காதில் அது விழுந்திருக்கிறது.

"எந்த மேடு?"

"தொராசிக் பன்னிரண்டுல இருக்குமே மிஸ், அது."

"அங்கே ஒரு மேடும் இருக்காது. நீ யார் முதுகைப் பார்த்துப் படிச்சே?"

"எங்க அப்பா முதுகை."

டீச்சர் அவளைத் தனியாகக் கூட்டிப்போய், காய்ச்சல் உண்டா, மெலிந்தாரா, குனிவாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாராம். எல்லாவற்றுக்கும் அவள் ஆமாம் சொல்லியிருக்கிறாள். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவா என்றாராம். அன்று வீட்டுக்கு வந்தவள் பையைக்கூடக் கீழே வைக்காமல் அப்பாவின் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். எண்ணவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் நின்றாள்.

செவ்வாய்க்கிழமை ஆட்டோவில் போனோம். ஆஸ்பத்திரி வாசலில் நாலு படி. நாலாவது படிக்கு அவரை இரண்டு பேர் தூக்க வேண்டியிருந்தது.

எக்ஸ்ரே படம் வாங்க மகள் வரிசையில் நின்றிருந்தாள். டாக்டர் அறையில் நாங்கள் இரண்டு பேர். கூட நாலைந்து நர்சுகள், படிக்கிற பையன்கள். டாக்டர் ஒரு சின்னச் சுத்தியலால் முட்டியில் தட்டிப் பார்த்தார். பாதத்தில் ஊசியால் தொட்டுத் தொட்டுத் தெரிகிறதா என்று கேட்டார். பிறகு, "கால் எப்போதிலிருந்து இப்படி?" என்றார்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"ரெண்டு மாசமாவே கொஞ்சங் கொஞ்சமா மரத்துக்கிட்டு வருது சாரே" என்றார்.

"யாராவது தைலம் தேய்த்துத் திருமினார்களா? அமுக்கவோ மிதிக்கவோ செய்தார்களா?"

"இல்லை."

அத்தனை பேருக்கு முன்னால் வாய் திறந்து, நான்தான் மிதித்தேன், வெள்ளிக்கிழமைவரை நன்றாக நடந்தார் என்று சொல்ல வேண்டியவள் நான். சொல்லவில்லை. டாக்டர் எழுதிக்கொண்டார்.

முதுகெலும்பில் டி.பி. தொராசிக் பதினொன்றும் பன்னிரண்டும் அரித்துப்போயிருந்தன. காரீஸ் ஸ்பைன் என்று மகள் பெயர் சொன்னாள். டி.பி. என்றால் இருமலும் நெஞ்சும்தான் என்று நினைத்திருந்தேன், எலும்புக்கும் வரும் என்று தெரியாது. மெல்ல வந்த தளர்ச்சிதான், மாத்திரை கொடுத்து அசையாமல் படுக்க வைத்துப் பார்ப்போம், கேட்காவிட்டால் ஆபரேஷன் என்றார்கள். பலகைக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். வாரம் வாரமாகப் பார்த்தார்கள். கேட்கவில்லை. இரண்டாவது மாசம் ஆபரேஷன் செய்தார்கள். காய்ச்சல் போயிற்று, நோய் போயிற்று. கால் திரும்பி வரவில்லை.

அதற்கப்புறம் ஏழு வருஷம் இருந்தார்.

மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு அவர் காலை அளப்பாள். முன்னால் பெயர் சொல்லித் தொட்ட அதே சதைகள். கெண்டைக்காலில் காஸ்ட்ரோக்னீமியஸ், தொடையில் குவாட்ரிசெப்ஸ். கல்லு மாதிரி இருந்தவை மாசா மாசம் வற்றின. அதற்கும் ஒரு பெயர் உண்டு, அட்ரோபி. வேலை செய்யாத சதை வற்றிப்போவது. அந்த வார்த்தையின் அர்த்தத்தை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. காலை வேளைகளில் நான் அவர் பாதத்தைப் பிடித்து மேலே மடக்குவேன், டார்ஸி ஃப்ளெக்ஷன். கீழே அழுத்துவேன், பிளாண்டார் ஃப்ளெக்ஷன். பெயரைச் சொல்லிச் சொல்லிச் செய்வேன். "உங்கம்மாவுக்கு ஒரு வெள்ளைச் சட்டை தைச்சுக் குடு மோளே, சம்பளம் இல்லாத டாக்டர்" என்பார்.

ஒரே ஒரு தடவை நான் அந்தப் பேச்சை எடுத்தேன். குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன்.

"அன்னிக்கு டாக்டர் கேட்டப்ப ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"பின்னே என்ன சொல்றது? என் பொண்டாட்டி மிதிச்சான்னா? எப்படி மிதிச்சே, காட்டுன்னு உன்னை அத்தனை பேர் முன்னாடி நிக்க வச்சிருப்பார். நீ அங்கேயே உசிரை விட்டிருப்பே." தோளைக் காட்டிக்கொண்டு, "தண்ணி ஆறுது, ஊத்து" என்றார்.

இரண்டாயிரத்துக்கு அப்புறம் ஒரு வருஷம், மூத்திரத்தில் சீழ் பிடித்துக் காய்ச்சல் வந்து போய்ச் சேர்ந்தார்.

மகள் அதற்குள் ஆலுவாவில் ஒரு ஆஸ்பத்திரியில் எலும்பு வார்டில் நர்சாகியிருந்தாள். கல்யாணமாகி அங்கேயே குடியிருந்தாள். லீவு கிடைத்தால் வருவாள். வந்தால் என் பக்கத்தில் உட்கார்ந்து வார்டு கதைகளைச் சொல்வாள். நான் பெயர்களைப் புரிந்துகொள்வேன் என்பதால் என்னிடம் சொல்வதில் அவளுக்கு ஒரு ருசி.

அப்படி ஒரு நாள். நான் சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். அவள் சாயா குடித்துக்கொண்டே சொன்னாள்.

"போன மாசம் அப்பா மாதிரியே ஒரு கேஸ் வந்துச்சும்மா. அதே டி.பி., அதே இடம். எண்ணெ தேய்ச்சு விடற உழிச்சல்காரன் ஒருத்தன் முட்டியை வச்சு அமுக்கியிருக்கான், மறுநாளே கால் போச்சு. உடனே கொண்டாந்தாங்க. அன்னிக்கே திறந்து, நரம்பை அழுத்திக்கிட்டு இருந்ததை எடுத்துட்டாங்க. இப்ப கம்பைப் பிடிச்சுக்கிட்டு நடக்கறார்."

"அப்படியா?"

"கால் எத்தனை நாள்ல போச்சுங்கறதுதான் கணக்கு. ஒரே நாள்ல போச்சுன்னா காத்திருக்க மாட்டாங்க. மெல்ல மெல்லப் போச்சுன்னா மருந்து குடுத்துப் பாப்பாங்க. அப்பாவுக்கு ரெண்டு மாசமா மெல்லப் போச்சுல்ல, அதான்."

அவள் எதையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. நான் கையிலிருந்த மீனைச் சட்டியில் போட்டேன். இத்தனை வருஷமும் என் குதிகாலைத்தான் நான் நினைத்து நினைத்து அழுதிருந்தேன். ஆஸ்பத்திரியில் பேசாமல் நின்றதை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததே இல்லை.

அரிவாள்மனையைச் சாய்த்து வைத்துவிட்டுச் சொன்னேன். நான் பிறந்த விதம், வெள்ளிக்கிழமை, கதவைச் சாத்தியது, டாக்டர் கேட்டது, அவர் சொன்னது எல்லாம். முடிந்ததும் வார்டில் கேட்பதுபோலக் கேட்டாள்.

"எந்த இடத்துல மிதிச்சே?"

"பன்னிரண்டுல."

"எத்தனை தடவை?"

"மூணு."

"அதுக்கு முந்தி கால் நல்லா இருந்துச்சா?"

"அன்னிக்கும் சாக்கு எடுத்துட்டுத்தான் வந்தார்."

"அப்ப ரெண்டு மாசம்னு அப்பா சொன்னது..."

"என்னைக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு."

சாயா கிளாசை மெல்லக் கீழே வைத்தாள். பிறகு நிறையப் பேசினாள். அந்த எலும்பு உள்ளே முழுக்க அரித்துப்போயிருந்தது, சீழ் கட்டியிருந்தது, ஒரு சாக்குப் போதும், ஒரு தும்மல் போதும், எப்படியும் நொறுங்கி உட்கார்ந்திருக்கும் என்றாள். வெர்டிப்ரா, அப்ஸஸ், ஸ்பைனல் கார்டு என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். எனக்கு எல்லா வார்த்தையும் புரிந்தது. மிதித்ததைப் பற்றி மட்டும்தான் சொன்னாள். டாக்டரிடம் மறைத்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அந்த மேட்டை நான்தாம்மா எண்ணினேன்" என்றாள். "எத்தனை ஞாயித்துக்கிழமை, விரலை வச்சு வச்சு எண்ணினேன். படிக்க லேசா இருக்குன்னு சந்தோஷப்பட்டேன்."

அவள் அப்படி ஒன்றை உள்ளே வைத்திருந்தாள் என்று எனக்குத் தெரியாது. என் பாரத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

"உனக்கு அப்ப என்ன தெரியும்? சின்னப் பொண்ணு" என்றேன்.

"உனக்கு மட்டும் என்ன தெரியும்?" என்றாள்.

மீன் கையோடு அவளைத் தொடவும் முடியவில்லை. எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தபோது அவள் மிச்ச மீனை ஆய உட்கார்ந்திருந்தாள். குழம்பு வைத்தோம், சாப்பிட்டோம். சாயங்காலம் பஸ் ஏறிப் போனாள்.

இப்போதும் வருகிறாள். வார்டு கதைகள் சொல்கிறாள். மரத்திலிருந்து விழுந்து ஃபீமர் ஒடிந்தவர், ஸ்கூட்டரில் போய்க் கிளாவிக்கிள் முறிந்த பெண், இப்படி. முதுகுக் கேஸ் மட்டும் சொல்வதில்லை. நானும் கேட்பதில்லை.